பதினான்காவது நிமிடம்

மூன்றாவது முறையும் பாட்டு அதே இடத்தில்தான் அறுந்தது.

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். ஏழு தட்டு, ஏழு தட்டு என்று டிரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கீபோர்டு அதன்மேல் படிப்படியாக ஏறுகிறது. உச்சிக்குப் போகப் போகிற சமயத்தில் 'டக்'. நாடா தீர்ந்து பட்டன் எழும்பிவிட்டது. கேசட்டைத் திருப்பிப் போட்டால், மறுபக்கத்தில் பாட்டு உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பித்திருக்கிறது. நடுவில் ஒரு துண்டைக் காணோம்.

துண்டு காணாமல் போனதில் அவனுக்கு ஆச்சரியமில்லை. கேசட்டுக்கு ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். தீர்ந்ததும் எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். அதுவரை மேடையில் இருப்பவர்கள் காத்திருக்க மாட்டார்கள். புரியாதது வேறொன்று. இந்தப் பாட்டு தொடங்கும்போது நாடாவில் முப்பத்தொரு நிமிடம் ஓடியிருந்தது. பாட்டோ இருபத்துமூன்று நிமிடம். இரண்டையும் கூட்டினால் ஐம்பத்துநான்கு. நடுவழியில் நாடா தீர்ந்துவிடும் என்று கேசட்டைக் கண்ணால் பார்க்காதவன்கூடச் சொல்லிவிடுவான். முந்தைய பாட்டு முடிந்து கூட்டம் கைதட்டும்போதே திருப்பியிருந்தால் இருபத்துமூன்று நிமிடமும் ஒரே பக்கத்தில் சுளையாக விழுந்திருக்கும். முப்பது வருடமாகக் கச்சேரிகளைப் பதிவு செய்த அண்ணனுக்கா இது தெரியாது?

கேட்கலாம் என்றால் அண்ணன் அடுத்த அறையில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருக்கிறார். நேற்றுக் காலை தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் யாருக்கோ லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர், மெஷினை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை.

"மெஷினை அணைச்சிட்டுத்தான் உக்காந்திருக்காரு, பாருங்க" என்று அண்ணி வருகிறவர்களிடம் எல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் இந்த அறையின் கதவை லேசாகத் தள்ளி எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, ஆச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் அண்ணி."

"மூணு மணிக்கு மயான மண்டபத்துல இருக்கணும். மூணரைக்கு அடுத்தவங்க வந்துருவாங்களாம். அதுக்குள்ள முடிஞ்சிருமா இந்தப் பாட்டு?"

"இருபத்துமூணு நிமிஷம்தான்."

"தான்!" என்றாள் அண்ணி. கலங்கிச் சிவந்த கண்களோடு சிரிக்கவும் செய்தாள். "ஆடவும் முடியாது, கூடச் சேந்து பாடவும் முடியாது, பாதியில எழுந்து போனாலும் கோச்சுக்குவாரு. கல்யாணமான புதுசுல ஒருதரம் கேட்டேன், எப்பங்க பாட ஆரம்பிப்பாங்கன்னு. பாட்டு முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சும்மான்னாரு."

அவள் போன பிறகு அவன் மேசைமேல் இருந்த தாளை மறுபடி எடுத்தான். கண் பரிசோதனை அளவு எழுதும் கடைத் தாள். வலது கண், இடது கண் என்று அச்சடித்த கட்டங்களுக்குக் கீழே அண்ணனின் பொடி எழுத்து: 'நான் போனால் பேச்செல்லாம் வேண்டாம். கடைசிக் கச்சேரியின் இருபத்துமூன்றைப் போடவும். முழுசாகப் போடவும்.' முழுசாக என்பதன் அடியில் கோடு. பணப்பையில் மடித்து வைத்திருந்ததை அண்ணி நேற்று எடுத்துக் கொடுத்து, "உங்க ரெண்டு பேருக்கும்தான் இந்தச் சமாச்சாரம் தெரியும்" என்றாள்.

தெரியும்தான். அண்ணன் 'நம்மாளுங்க' என்று சொல்லும் அந்தக் குழு கடல் கடந்து வருவது. வாசிப்பது புரோக்ரெசிவ் ராக் என்ற இசை வகை. அதில் ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்தால் அவமானம். நாலு தட்டில் தொடங்கி ஏழுக்குத் தாவும், ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போகும், எங்கே திரும்பும் என்று தெரியாமல் கேட்பவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பான். ஒரே பாட்டை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி வாசிப்பார்கள். அதனால்தான் நேரில் போவது. நேரில் போய்க் கேட்டது காற்றோடு போய்விடக் கூடாது என்றுதான் பதிவு செய்வது. அவர்களின் மிக நீளமான பாட்டுக்குப் பெயர் உண்டு. ஆனால் ரசிகர்கள் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். 'இருபத்துமூணு' என்றால் போதும்.

பதிவு செய்வதற்கு அண்ணன் கண்டுபிடித்த வழி யாருக்கும் தோன்றாதது. மூக்குக்கண்ணாடியின் இரண்டு காம்புகளிலும், காதுக்குச் சற்று முன்னால், அரிசி பருமனில் ஒவ்வொரு மைக். கம்பி காம்புக்குள்ளேயே ஓடிப் பின்கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கி இடுப்பில் கட்டிய சின்ன ரெக்கார்டருக்குப் போகும். இரண்டு காது கேட்பதை அப்படியே இரண்டு மைக்கும் கேட்கும். ஒரே ஒரு நிபந்தனை: தலையை ஆட்டக் கூடாது, இருமக் கூடாது, கைதட்டவே கூடாது. எல்லோரும் தலையை ஆட்டிக் குதிக்கும் அரங்கத்தில் அண்ணன் மட்டும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவரைப் போல உட்கார்ந்திருப்பார். பக்கத்தில், அதேபோல ஒரு கண்ணாடியோடு, அதேபோல அசையாமல் அவன்.

இரண்டு பேர் எதற்கு என்றால், அந்தத் திருப்பும் நேரத்துக்காகத்தான். அண்ணன் கச்சேரி தொடங்கும்போதே ரெக்கார்டரை ஓட விடுவார். அவன் கால்மணி நேரம் கழித்து அமுக்குவான். அண்ணனின் நாடா நாற்பத்தைந்தில் தீரும்போது அவனுடையதில் இன்னும் கால்மணி நேரம் மிச்சம் இருக்கும். அவனுடையது தீரும்போது அண்ணனுடையது மறுபக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கும். பாட்டு எப்போது முடியும், எப்போது திருப்பலாம் என்ற கவலையே இல்லை. நாடாவை அதன் போக்கில் ஓட விட்டுவிட்டுக் கச்சேரியைக் கேட்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தன் கேசட்டை எடுத்துக்கொண்டு இங்கே வருவான். இருவரும் உட்கார்ந்து இரண்டையும் ஒட்டி முழுசாக்குவார்கள்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கச்சேரியில், பரபரப்பில், அவன் அண்ணனோடு சேர்ந்தே பட்டனை அமுக்கிவிட்டான். அது தெரியாமலே கேட்டார்கள். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் இரண்டு ரெக்கார்டரும் ஒரே நொடியில் 'டக்' என்றன. பதினோரு விநாடி இரண்டிலும் இல்லை.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில், நான்கு நண்பர்கள் பார்க்க, அண்ணன் சொன்னார்: "ஒரு பட்டனை அமுக்கத்தான் உன்னைக் கூட்டிட்டு வர்றது. அதுக்கும் துப்பில்ல."

"பதினோரு விநாடிதானே! யாரு குடி முழுகிப் போச்சு?" என்றான் அவன்.

"இனிமே என்கூட வராத."

"கூப்பிட்டாத்தானே வர்றதுக்கு."

அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு குடும்ப விசேஷங்களில் பார்த்துக்கொள்வார்கள். ஒரே அறையில் இருந்துகொண்டே அண்ணன் அண்ணியிடம், "சாப்பிட்டானான்னு கேளு" என்பார். அவனும் அண்ணியிடம், "ஆச்சுன்னு சொல்லுங்க" என்பான். "நான் என்ன தபால்காரியா?" என்று அண்ணி கத்துவாள். பதினோரு விநாடிக்குப் பதினெட்டு வருடம்.

மறுபடி ஹெட்ஃபோனை மாட்டினான். மணி பதினொன்றரை. எப்படியாவது இந்தத் துண்டை எங்கிருந்தாவது கொண்டுவந்து ஒட்ட வேண்டும். பழைய கச்சேரி ஒன்றின் கேசட்டை எடுத்து அதே இடத்தைப் போட்டுப் பார்த்தான். ஒட்டவில்லை. அன்றைக்கு அவர்கள் வாலிபர்கள், ஓட்டமாக ஓடினார்கள். இப்போது எழுபதை நெருங்குகிறார்கள், பார்த்து நடக்கிறார்கள். கடையில் விற்கிற ரெக்கார்டில் அரங்கத்தின் மூச்சே இல்லை. நடுவில் செருகினால் யாரோ ஜன்னலைச் சாத்தித் திறந்தது போல இருந்தது. வேறு யாராவது போனில் எடுத்திருப்பார்களா என்றால் அதற்கும் வழியில்லை. அந்தக் குழுவின் கச்சேரியில் வாசலிலேயே எல்லோர் போனையும் பையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

ஆனால் அந்த அரங்கத்தில் இன்னொரு ஜோடிக் காது இருந்தது. அது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்த அந்தக் கச்சேரிக்கு அவனும் போயிருந்தான்.

தனியாகப் போனான். மேல் வரிசையில் இடம். இருபது வரிசைக்குக் கீழே, ஆடிக்கொண்டிருந்த தலைகளுக்கு நடுவே ஆடாத ஒரே தலையைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பின்மண்டையில் முடி நன்றாகக் கொட்டியிருந்தது. இடைவேளையில் இறங்கிப் போய்ப் பேசலாம் என்று படிவரைக்கும் போனான். அண்ணன் எழுந்து நின்று, திரும்பி, மேல் வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சட்டென்று குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். நிமிர்ந்தபோது அண்ணன் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"சித்தப்பா, இதையும் வெச்சுக்கோங்க." அண்ணன் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். இரவெல்லாம் தூங்காத முகம். "அப்பா எந்தக் கேசட்ல என்ன இருக்குன்னு எழுதி வெச்சிருப்பாரு. உதவுமா பாருங்க."

"குடு."

அவள் போகாமல் நின்றாள். "மண்டபத்துல பாட்டு முடிஞ்சதும் கைதட்டலாமா சித்தப்பா?"

"ஏன் கேக்கறே?"

"ஸ்கூல்ல நான் ஓட்டப்பந்தயத்துல முதல்ல வந்தேன். எல்லாரும் தட்டறாங்க, இவரு மட்டும் கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. கேட்டா, தட்டினா மைக்ல இடி விழுந்த மாதிரி கேக்கும்னாரு. அப்பா, இங்க மைக்கே இல்லையேப்பான்னேன். அட, ஆமால்லன்னாரு." அவள் சிரிப்பதற்கு வாயைத் திறந்தாள். அது வேறு ஏதோவாக மாறியது. வெளியே போய்விட்டாள்.

அவன் நோட்டைப் புரட்டினான். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பக்கம். தேதி, பாட்டு வரிசை, முதல் பக்கத்தை எந்த நிமிடத்தில் நிறுத்தித் திருப்பினார் என்ற கணக்கு. இருவரும் சேர்ந்து போன வருடங்களில் எல்லாமே நாற்பத்தைந்து. அதன் பிறகு எண்கள் மாறின. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. இருபத்தொன்பது. தனியாகப் போனவர் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், கைதட்டலுக்குள், முன்கூட்டியே திருப்பியிருக்கிறார். பதினெட்டு வருடம் கச்சேரியை அவர் கடிகாரத்தோடுதான் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கச்சேரியின் பக்கத்தில் முதல் பாதிக்கு முப்பத்தாறு. இடைவேளைக்குப் பிந்திய பாதிக்கு நாற்பத்தைந்து.

அவன் எழுந்து அலமாரியிடம் போனான். கேசட்டுகள் செங்கல் அடுக்கியது போல இடைவெளியில்லாமல் நின்றன. பழையவை ஜோடி ஜோடியாக இருந்தன. அண்ணனுடையதன் முதுகில் தேதியும் '1' என்ற எண்ணும், அவனுடையதன் முதுகில் அதே தேதியும் '2' என்ற எண்ணும். பிந்தையவற்றில் எண்ணே இல்லை, வெறும் தேதி. கடைசிக் கச்சேரியின் இரண்டாம் பாதியில் '1' என்று எழுதியிருந்தது. அதை ஒட்டி இன்னொரு பெட்டி. அதே தேதி, அதே பொடி எழுத்து, '2'. எடுத்தான். கனமே இல்லை. திறந்தான். காலி.

பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வாசலில் 'டிக்கெட்' வந்து நின்றார். அண்ணனோடு பள்ளியில் படித்தவர். எந்தக் கச்சேரிக்கும் முதல் ஆளாக வரிசையில் நின்று எல்லோருக்கும் சீட்டு வாங்குவதால் வந்த பெயர் அது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"அண்ணே, கடைசிக் கச்சேரிக்கு எனக்கும் நீங்கதான் டிக்கெட் எடுத்துக் குடுத்தீங்க. அண்ணன்கிட்ட சொல்லலேன்னீங்களே."

டிக்கெட் கதவுச் சட்டத்தைத் தடவினார். "சொல்லாம எப்படிடா? இடைவேளையில சொல்லிட்டேன். உன் தம்பி மேல எங்கயோ உக்காந்திருக்கான்னு. எழுந்து நின்னு தேடினான். அப்புறம் பேசாம உக்காந்துட்டான்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்ன, இருபத்துமூணு ஆரம்பிக்குது, இவன் கேசட்டைத் திருப்பல. நான் தொடையில கிள்றேன், வாட்சைக் காட்டறேன். எப்பவும் அப்படித்தான் ஞாபகப்படுத்துவேன். என் கையைப் பிடிச்சு எடுத்து விட்டுட்டான். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டான்டா அன்னிக்கு. எத்தனை வருஷம் கழிச்சு அவன் கண்ணை மூடிக் கேட்டுப் பாக்கறேன்."

பேச்சுக் குரல் கேட்டு அண்ணியும் வந்துவிட்டாள். அவன் கையில் இருந்த காலிப் பெட்டியைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, ஏதாவது கெட்டுப்போச்சா?"

"இல்ல அண்ணி. அண்ணன் கேசட்ல நடுவுல கொஞ்சம் இல்ல. அது அண்ணன் தப்பில்ல. நான் கால்மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சிருப்பேன்னு நெனச்சுத் திருப்பாம விட்டுட்டாரு. என்னோடதுல அந்த இடம் இருக்கும்னு."

அண்ணி அவனையே பார்த்தாள். "நீங்க அங்க போயிருந்தீங்களா?"

"போயிருந்தேன்."

"அதான்" என்றாள் அண்ணி மெதுவாக. "அந்தக் கச்சேரிக்கப்புறம் ஞாயித்துக்கிழமை வந்தா மனுஷன் எங்கயும் நகர மாட்டாரு. எங்க அக்கா வீட்டுக்குப் போலாம்னா, நீ போயிட்டு வா, யாராவது வருவாங்கம்பாரு. யாருங்க வரப்போறாங்கன்னா பதில் வராது. நான் கடைக் கணக்குப் பாக்கறவரு யாரோன்னு நெனச்சேன்."

அடுத்த அறையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"உங்க கேசட் எங்க தம்பி?" என்று கேட்டாள் அண்ணி. "போயி எடுத்துட்டு வந்துருங்களேன். நேரம் இருக்கே."

அவன் வேலை லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் இரும்பு வடத்தை ஒரு ராத்திரியில் மாற்றிக் கொடுப்பவன். அவனுடைய ரெக்கார்டருக்குள் தீப்பெட்டி வாயளவு ஒரு ரப்பர் பெல்ட் உண்டு, மோட்டாரின் சுழற்சியை நாடாவுக்குக் கடத்துவது. ரப்பர் பழசானால் இளகிப் பிசுபிசுத்துவிடும். கச்சேரிக்கு முந்தின வாரம் எடுத்துப் பார்த்தபோது அப்படித்தான் ஆகியிருந்தது. புதுசு போடப் பத்து நிமிட வேலை. யாருக்காக என்று நினைத்து மூடி வைத்துவிட்டான். கச்சேரிக்கு வெறுங்கையோடு போனான்.

"நான் எடுக்கல அண்ணி" என்றான். "மெஷின் கொண்டு போகல. சும்மாத்தான் போனேன்."

அண்ணி கையை நீட்டி அந்தக் காலிப் பெட்டியை வாங்கினாள். திறந்து பார்க்கவில்லை. புடவைத் தலைப்பால் அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். அப்புறம், "மண்டபத்துக்கு ஒண்ணரைக்கே கிளம்பணும். நீங்க எதுவும் சாப்பிடல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிக்கெட் தொண்டையைக் கனைத்தார். "நடுவுல நின்னா நிக்கட்டும்டா. யாருக்குத் தெரியப்போகுது? அங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் பாட்டு ஓடுதா நிக்குதான்னே புரியாது."

"அண்ணனுக்குத் தெரியும்" என்றான் அவன்.

டிக்கெட் ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டார்.

அவன் மறுபடி உட்கார்ந்தான். ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. இல்லாததை உண்டாக்க முடியாது. ஆனால் எவ்வளவு இல்லை என்று கணக்கிட முடியும். முதல் பக்கம் அறுகிற இடத்தைக் கேட்டான். அது ஏழு தட்டுச் சுற்று ஒன்றின் கடைசித் தட்டு. மறுபக்கம் தொடங்குகிற இடத்தைக் கேட்டான். அங்கே ஒரு சுற்றின் முதல் தட்டு. கடையில் விற்கும் ரெக்கார்டைப் போட்டு, அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே எத்தனை சுற்று என்று விரல் விட்டு எண்ணினான். நான்கு. நான்கு ஏழு இருபத்தெட்டு. அண்ணனின் கேசட்டில் டிரம் ஓடும் வேகத்தில் கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்தான். இருபத்தெட்டுத் தட்டுக்குப் பதினோரு விநாடி ஆயிற்று.

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். பிறகு மீதிக் கணக்கையும் போட்டான்.

மூன்று மணிக்கு மண்டபம் பாதி நிறைந்திருந்தது. கடைக்கு வந்து பழகியவர்கள், உறவினர்கள், கச்சேரி நண்பர்கள் ஏழெட்டுப் பேர். முன்னால் பெட்டிக்குள் அண்ணன், கண்ணாடி இல்லாமல், வேறு யாரோ போல. பொறுப்பாளர் ஒலிபெருக்கிக் கம்பியைக் கொடுத்து, "பென்டிரைவ் இல்லையா சார்? இப்ப யாரு இதெல்லாம் வெச்சிருக்காங்க?" என்றார். அவன் அண்ணனின் ரெக்கார்டரைச் சின்ன மேசைமேல் வைத்துக் கம்பியைச் செருகினான். பாட்டு தொடங்கும் இடத்துக்கு நாடாவை வீட்டிலேயே ஓட்டி வைத்திருந்தான். பட்டனை அமுக்கினான்.

அரங்கத்தின் இரைச்சல் மண்டபத்தில் பரவியது. யாரோ எங்கோ விசில் அடித்தார்கள். கிடார் வந்தது. நண்பர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். பத்து நிமிடம் ஆனபோது பின்வரிசையில் ஒருவர் இன்னொருவரிடம் ஏதோ கேட்டார், அவர் உதட்டைப் பிதுக்கினார். அண்ணி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மேசை அருகே நின்றபடி தட்டுகளை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வந்தான். கேசட்டைத் திருப்பிப் போட்டதும், பக்கத்தின் தொடக்கத்தில் ஐந்து விநாடிக்கு ஒலி பதியாத வெற்று நாடா உண்டு. பதிவு செய்யும்போதும் அந்த ஐந்து விநாடி போகும், கேட்கும்போதும் போகும். ஆகவே அன்றைக்கு அண்ணனின் கை எடுத்துக்கொண்டது ஆறு விநாடி. இன்றைக்கு அவன் கையும் கூடாமல் குறையாமல் அதே ஆறு விநாடி எடுத்தால், பாட்டு வந்து சேர வேண்டிய இடத்தில் வந்து சேரும். ஆறு விநாடிக்குப் பதினைந்து தட்டு, வெற்று நாடாவுக்குப் பதின்மூன்று.

பதினான்காவது நிமிடம் வந்தது. டிரம் ஏழாக ஓடியது, கீபோர்டு ஏறியது, 'டக்'.

கேசட்டை எடுத்தான், திருப்பினான், உள்ளே வைத்தான், மூடியைச் சாத்தினான். அப்போதுதான் எண்ணிக்கை பதினொன்று. காத்திருந்தான். பதினைந்தில் அமுக்கினான். மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. இருபத்தெட்டுவரை எண்ணி முடித்தான். அடுத்த தட்டில் டிரம் இருந்தது.